‘ஒரே நாளில் பல்’ போர்டைப் பார்த்து உள்ளே போறதுக்கு முன்னாடி

1/
"ஒரே நாளில் பல் கட்டித் தரப்படும்."
எங்க வேப்பனப்பள்ளி பக்கம், கர்நாடகா - ஆந்திரா எல்லையோரம், சந்தை கூடுற எந்த ஊருக்குப் போனாலும் இந்த மாதிரி ஒரு போர்டு கண்ணில் படும். இன்னைக்கு அதைப் பத்தித்தான் ஒரு நீண்ட த்ரெட். கோபமாத்தான் எழுதுறேன். கடைசி வரை படிச்சா ஏன்னு புரியும்.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் எம்பிபிஎஸ். பல் டாக்டர் இல்லை. எனக்குப் பல் கட்டத் தெரியாது. ஆனா தப்பா கட்டின பல், ஆறு மாசம் கழிச்சு கன்னம் வீங்கி காய்ச்சலோட ராத்திரி பதினொரு மணிக்கு வந்து நிக்கிறது கட்டினவர் கடை வாசல்ல இல்லை. அரசு ஆஸ்பத்திரி நைட் டியூட்டியில. அதனால இதைப் பேச எனக்கும் பாத்தியதை இருக்கு.

3/
கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பொண்ணு. 26 வயசு. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி நேரா வந்தாங்க. மேல் உதடு வீங்கி மூக்கு ஓரம் வரை ஏறியிருக்கு.
"எத்தனை நாளாம்மா?"
"மூணு நாளா சார். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், அடங்கல."
உதட்டைத் தூக்கிப் பார்த்தா முன்பல் நாலும் சேர்த்து ஒரே வெள்ளைக் கட்டி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இடைவெளியே இல்லை. ஈறு ரத்தச் சிவப்பு. அமுக்கினா சீழ்.

4/
"எங்க கட்டினீங்க?"
"சந்தை பக்கத்துல சார். ஒரு மணி நேரத்துல கட்டிட்டாங்க."
"அளவு எடுத்தாங்களா?"
"அளவா? அப்படி எதுவும் எடுக்கலையே சார். பவுடரும் தண்ணியும் கலந்து வாய்லயே வச்சாங்க. சூடா இருந்துச்சு. காய்ஞ்சதும் தேய்ச்சு விட்டாங்க."

5/
அந்த நாலும் விழுந்த பல் இல்லை. சொத்தைப் பல்லும் இல்லை. பழுப்பா இருந்தது, அவ்வளவுதான். கல்யாணம் பேசிட்டு இருந்தாங்க. எங்க பல் டாக்டர் அந்தக் கட்டியை அறுத்து எடுத்தப்ப உள்ளே நாலு பல்லும் குச்சி மாதிரி தேய்ஞ்சு இருந்தது. ரெண்டைக் காப்பாத்த முடியலை. நல்ல பல்லோட உள்ளே போன பொண்ணு, காசும் கொடுத்து, ரெண்டு பல் இல்லாம வெளியே வந்தாங்க.

6/
இந்தக் கதையில "அளவா?" அப்படிங்கிற ஒரே ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: அளவு எடுக்காத பல்லைக் கட்டிக்காதீங்க. யார் கட்டினாலும் சரி. போர்டுல என்ன பட்டம் போட்டிருந்தாலும் சரி.

7/
ஏன்னு புரியணும்னா கேப், பிரிட்ஜ்னா என்னன்னு தெரியணும்.
கேப்: பல்லைச் சுத்தி எல்லாப் பக்கமும் தேய்ச்சு, அதுமேல தொப்பி மாதிரி ஒரு உறையை ஒட்டுறது.
பிரிட்ஜ்: விழுந்த பல்லுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பல்லைத் தேய்ச்சு, அதைத் தூணா வச்சு நடுவுல பொய்ப்பல்லைத் தொங்க விடுறது.
ரெண்டுக்கும் பல்லைத் தேய்ச்சே ஆகணும். தேய்ச்ச எனாமல் திரும்ப வளராது. வெட்டின முடி இல்லை அது.

8/
அப்படித் தேய்ச்ச பல்லும் மேல வர்ற கேப்பும் சந்திக்கிற விளிம்பு ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் ஈறு ஓரத்துல, சில சமயம் ஈறுக்குக் கொஞ்சம் உள்ளே. மொத்த விஷயமும் அந்த விளிம்புலதான். அங்கே இடைவெளி விட்டா ஒட்டுற சிமென்ட் கரையும், சோறு போகும், கிருமி போகும். கேப்புக்குள்ள பல் சத்தமில்லாம சொத்தையாகும். வெளியே இருந்து பார்த்தா பளபளன்னு இருக்கும்.

9/
எவ்வளவு இடைவெளி வரைக்கும் பரவாயில்லை? 1971-ல் மெக்லீன், ஃபான் ஃபிரான்ஹோஃபர்னு ரெண்டு பேர் ஒட்டின கேப்களை வருஷக் கணக்குல பின்தொடர்ந்து பார்த்துட்டு 120 மைக்ரான்னு ஒரு எல்லை சொன்னாங்க. இன்னைக்கும் பல் மருத்துவத்துல மேற்கோள் காட்டுற அளவு அதுதான். ஒரு மில்லிமீட்டர்ல எட்டுல ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டு தலைமுடி தடிமன்.

10/
ஓசூர்ல மெஷின் ஷாப்ல வேலை பார்க்கிற தம்பிகளுக்கு இது சட்டுன்னு புரியும். உங்க லைன்ல ஒரு பீஸ் 50 மைக்ரான் கூடுதலா வந்தா கியூசி என்ன பண்ணுவாங்க? ரிஜெக்ட். மைக்ரோமீட்டர் வச்சு அளக்காம ஒரு பீஸ் வெளியே போகுமா? ஒரு வண்டி பார்ட்டுக்கு இருக்கிற மரியாதை உங்க வாய்க்கு வேண்டாமா?

11/
சரி, முறையா அளவு எடுக்கிறது எப்படி? எங்க ஆஸ்பத்திரி பல் டாக்டர் ஒரு மதியம் உட்கார வச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தது:
பல்லைத் தேய்ச்ச உடனே ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு நூலைச் செருகுவாங்க. ஈறு கொஞ்சம் விலகி, ஒளிஞ்சிருக்கிற விளிம்பு வெளியே தெரியணும். ரத்தம் நிக்கணும். எச்சில் காயணும். இதுக்கே சில நிமிஷம் ஆகும். அவசரக்காரங்க முதல்ல விடுறது இந்த நூலைத்தான்.

12/
அப்புறம் சிலிக்கோன். ரெண்டு விதம் சேர்ந்து வரும். ஒண்ணு சப்பாத்தி மாவு மாதிரி கெட்டி, ட்ரேயில வைக்கிறது. இன்னொண்ணு இளகினது, பல் விளிம்பைச் சுத்தி மெல்லிய முனை வழியா விடுறது. இளகினது ஈறு ஓரத்து சந்துல எல்லாம் ஓடிப் போய்ப் படியும். கெட்டி அதை அழுத்திப் பிடிக்கும். இறுகுற வரைக்கும் ட்ரே அசையக் கூடாது.
இதுல ஒரு சின்ன விஷயம்: சாதாரண ரப்பர் கையுறை போட்டு அந்த மாவைப் பிசைஞ்சா, கையுறையில இருக்கிற கந்தகம் பட்டு நல்ல சிலிக்கோன் சரியா இறுகாது. அவ்வளவு நுணுக்கமான வேலை.

13/
ட்ரேயை எடுத்ததும் வெளிச்சத்துல பார்க்கணும். விளிம்புக் கோடு முழு வட்டமா, அறுபடாம தெரியுதா? குமிழி இருக்கா? கிழிஞ்சிருக்கா? இருந்தா தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் எடுக்கணும். அப்புறம் எதிர்த் தாடை அளவு. கடிக்கிற பொருத்தம். அச்சைக் கழுவி, கிருமிநாசினி போட்டு லேபுக்கு. பல் கூசாம இருக்க தற்காலிக கேப். லேபில் இருந்து வந்ததும் வாயில வச்சுப் பார்த்து, கலர் தாள் வச்சுக் கடிக்கச் சொல்லி, சரி பண்ணி, கடைசியாத்தான் சிமென்ட்.
குறைஞ்சது ரெண்டு, மூணு தடவை போகணும். இதுல எந்தப் படியையும் தாண்ட முடியாது.

14/
ஒரு சுவையான தகவல். இதய அடைப்புக்கு வைக்கிற ‘ஸ்டென்ட்’ எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேர் சார்லஸ் ஸ்டென்ட் அப்படிங்கிற லண்டன் பல் டாக்டரோடது. அவர் 1856-ல் உருவாக்கினது பல் அளவு எடுக்கிற ஒரு பொருள். முதல் உலகப் போர்ல முகம் சிதைஞ்ச சிப்பாய்களுக்குத் தோல் ஒட்டும்போது அதை அச்சாப் பயன்படுத்தினாங்க. அங்கிருந்து பேர் நகர்ந்து நகர்ந்து இதயம் வரைக்கும் வந்தது. பல்லுக்கு ஒழுங்கா அளவு எடுக்கணும்னு ஒருத்தர் 170 வருஷம் முன்னாடியே மெனக்கெட்டிருக்கார். நம்ம ஊர் கடையில இன்னும் கண் அளவு.

15/
"ஆனா டாக்டர், பெரிய கிளினிக்ல கூட ஒரே நாள்ல கேப் போடுறாங்களே?"
உண்மைதான். வாய்க்குள்ள கேமரா மாதிரி ஒரு ஸ்கேனர் விட்டு அளவு எடுத்து, பக்கத்துலயே மெஷின்ல கேப்பைக் கடைஞ்சு ஒட்டுற முறை 1980-களில் இருந்தே இருக்கு. அங்கே நாள் மிச்சம், அளவு மிச்சமில்லை. ஒண்ணு மட்டும்: கேமராவும் ஒரு கண்ணுதான். ரத்தமும் எச்சிலும் மூடியிருக்கிற விளிம்பு அதுக்கும் தெரியாது. அங்கேயும் ஈறை விலக்கணும், காய வைக்கணும்.

16/
இப்ப பட்டம் வாங்கின பல் டாக்டர்கள் பக்கம் வரேன். நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க.
கேப்புக்கும் பிரிட்ஜுக்கும் ஆல்ஜினேட்ல அளவு எடுத்து முடிக்கிறவங்க உங்களிலும் இருக்காங்க. கடற்பாசியில இருந்து வர்ற பொருள் அது, விலை குறைவு. பெரும்பகுதி தண்ணி. மேஜையில விட்டா காய்ஞ்சு சுருங்கும், தண்ணியில போட்டா ஊதும். எடுத்த பத்து, பதினஞ்சு நிமிஷத்துல கல்மாவு ஊத்தணும். எதிர்த் தாடைக்கு, பல் செட்டோட முதல் அளவுக்கு அது போதும். கேப் விளிம்புக்குப் பத்தாது.

17/
அந்த ஆல்ஜினேட் அச்சை ஈரத் துணியில சுத்தி பெங்களூரு லேபுக்கு பஸ்ஸில் அனுப்பினா, போய்ச் சேரும்போது அது வேற யாரோ வாயோட அளவு.
லேபில் வேலை பார்க்கிற பையன் என்ன பண்ணுவான்? விளிம்பு தெரியாத அச்சைத் திருப்பி அனுப்பினா அடுத்த ஆர்டர் வராதுன்னு பயம். குத்துமதிப்பா ஒரு கோடு கீறி கேப் செய்வான். டாக்டர் அதை அழுத்தி ஒட்டுவார். ரெண்டு வருஷம் கழிச்சு "உங்க வாய் சுத்தம் சரியில்லை"ன்னு பழி பேஷன்ட் மேல விழும்.

18/
பல் டாக்டர்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணு. அச்சு சரியில்லைன்னா திரும்ப எடுங்க. பேஷன்ட் முகம் சுளிச்சாலும் எடுங்க. எங்க கேஷுவாலிட்டியில ஈசிஜி சரியா வரலைன்னா அதை வச்சு முடிவு சொல்ல மாட்டோம், மறுபடி எடுப்போம். உங்களுக்கும் அதே நியாயம்தான்.

19/
இப்ப எங்க மாவட்டத்துக்கு வரேன். கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேற வழியே இல்லைன்னா 1.5 வரைங்கிறது இந்தியத் தரம். போர் தண்ணியில அதைத் தாண்டின கிராமங்கள் இங்கே ஏராளம். அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியில சுமார் 1,928 கோடி ரூபாய்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வச்சாங்க.

20/
நிரந்தரப் பல்லோட எனாமல் உருவாகிறது பெரும்பாலும் எட்டு வயசுக்குள்ள. அந்த வயசுல குடிச்ச தண்ணிதான் பல்லுல பழுப்பாப் பதியும். அப்போ 2013-க்கு முன்னாடி இங்கே குழந்தையா இருந்தவங்க இன்னைக்கு யாரு? இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறவங்க. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி கம்பெனிகளுக்கு பஸ் ஏறுற அதே தலைமுறை. கையில முதல் சம்பளம். கண்ணாடியில பழுப்புப் பல். வீட்டுல கல்யாணப் பேச்சு. அந்த போர்டு மாட்டினவருக்கு இவங்கதான் வாடிக்கை.

21/
ஃபுளோரைடு கறைக்குப் பல்லைச் சுத்தித் தேய்ச்சு கேப் போடுறது கடைசி வழி. அதுக்கு முன்னாடி எத்தனையோ இருக்கு: மேல் அடுக்கை மட்டும் லேசா மெருகேத்துறது, ப்ளீச்சிங், பல் நிறப் பூச்சு, முன்பக்கம் மட்டும் மெல்லிய தகடு. கறை எவ்வளவு ஆழம்னு பார்த்து முடிவு பண்ணணும். பழுப்பா இருந்தாலும் வலிக்காத, ஆடாத பல் ஒரு சொத்து. அதைக் குச்சி ஆக்கச் சம்மதிக்காதீங்க. "பழுப்பு மஞ்சள் சாப்பிட்டதால, வெத்தலையால"ன்னு அந்தப் பிள்ளைகளைக் கிண்டல் பண்றவங்களும் கொஞ்சம் வாயை மூடுங்க. தப்பு தண்ணியோடது.

22/
"பரம்பரையா கட்டுறவங்க சார், அவங்க அப்பாவுக்கே லைசென்ஸ் இருந்துச்சு."
இருந்திருக்கலாம். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தப்ப, அதுக்கு முன்னாடியே குறைஞ்சது 5 வருஷம் இதையே பிழைப்பா செஞ்சவங்களைப் பட்டம் இல்லாட்டியும் பதிவேட்டின் ‘பி’ பகுதியில சேர்க்க இடம் கொடுத்தாங்க. அது அந்த ஆளுக்கு மட்டும் கொடுத்த சலுகை. நிலப் பட்டா மாதிரி மகனுக்கு மாறாது.
‘டெண்டல் மெக்கானிக்’ வேற. அவர் லேபில் உட்கார்ந்து பல் செய்யத் தெரிஞ்சவர், மதிப்பான தொழில். ஆனா உங்க வாயில கை வச்சுப் பல்லைத் தேய்க்க அவருக்கு உரிமை இல்லை.

23/
"பட்டம் இருக்கிற இடத்துல மட்டும் எல்லாம் சரியா? வாணியம்பாடியை மறந்துட்டீங்களா?"
மறக்கலை. 2022-23ல் அங்கே ஒரு பல் கிளினிக்கோட தொடர்புடைய மூளைத் தொற்றில் 10 பேர் பாதிக்கப்பட்டு 8 பேர் இறந்தாங்க. மண்ணிலும் தண்ணியிலும் இருக்கிற ஒரு பாக்டீரியா சலைன் வழியா வாய்க்குள்ள போனதா 2025-ல் ஆய்வு வெளிவந்தது. அது சுத்தம் பத்தின பாடம். அதனாலதான் முதல்லயே சொன்னேன், யார் கட்டினாலும் கேள்வி கேளுங்கன்னு. பட்டம் உள்ளே நுழைய டிக்கெட் மட்டும்தான்.

24/
நான் இந்தப் பக்கம் பார்க்கிறது என்னன்னும் சொல்லிடறேன்.
தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி வீங்கி, நாக்கு மேல தள்ளி, மூச்சு அடைக்கிற லட்விக் ஆஞ்சைனா. பல்லில் ஆரம்பிச்சு உயிர் வரைக்கும் போகும். சர்க்கரை இருந்தா இன்னும் வேகம்.
இதய வால்வு கெட்டவங்களுக்கு வாய்க் கிருமி ரத்தத்துல கலந்து வால்விலேயே உட்கார்றது.
கூரான பல் ஓரம் உரசி நாக்குல, கன்னத்துல புண். ரெண்டு வாரத்துல ஆறலைன்னா புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்ணியே ஆகணும். ‘சும்மா பல்லு தானே’ன்னு ஒண்ணு கிடையாது.

25/
"எல்லாம் சரி டாக்டர். காசு?"
நியாயமான கேள்வி. இதுக்கு நான் உங்களைத் திட்ட முடியாது. அரசு ஆஸ்பத்திரியில பல் பிடுங்குறோம், அடைக்கிறோம். நல்ல பல் டாக்டர்கள் இருக்காங்க. ஆனா கேப், பிரிட்ஜ் செய்ய சிலிக்கோனும் லேபும் நம்ம மாதிரி எல்லையோர ஊர்ல எங்கே இருக்கு? அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில, கடலூர் பக்கம், புதுக்கோட்டையில. இங்கிருந்து பக்கம்னா அடுத்த மாநிலத்து பெங்களூரு. ஒரு நாள் கூலியை விட்டுட்டு மூணு தடவை யார் போவாங்க?

26/
"லீவு?"
இதுதான் அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்ன பதில். "மூணு தடவை வரச் சொன்னாங்க சார். மூணு லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும். அதான் ஒரே நாள்ல…" ஒரே நாள் போர்டை எழுதினது அந்தக் கடைக்காரர் மட்டும் இல்லை. மூணு அரைநாள் கொடுக்காத கம்பெனியும், லேப் வைக்காத அரசும் சேர்ந்துதான் எழுதியிருக்கு.

27/
அதனால கேட்கிறேன்.
அரசுக்கு: கிருஷ்ணகிரிக்கு 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. ஃபுளோரைடு பாதிச்ச இந்த ரெண்டு மாவட்டத்துக்காவது முறையா அளவு எடுத்து கேப், பிரிட்ஜ் செஞ்சு கொடுக்கிற பல் லேப் முழு அளவில் வேணும். தண்ணியால வந்த கறைக்கு மக்கள் தன் சம்பளத்துல அபராதம் கட்டக் கூடாது.
கம்பெனிகளுக்கு: கண் முகாம் நடத்துற மாதிரி பல்லுக்கும் நடத்துங்க. வெறும் டூத்பேஸ்ட் கொடுத்து போட்டோ எடுக்காம, சிகிச்சைக்குப் போக மூணு அரைநாள் சம்பளத்தோட கொடுங்க.

28/
உங்களுக்கு. பல் கட்டப் போறதுக்கு முன்னாடி இந்த ஆறும் கேளுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.
1. உங்க பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன?
2. இந்தப் பல்லைத் தேய்க்காம வேற வழி இருக்கா?
3. அளவு எதுல எடுப்பீங்க? சிலிக்கோனா, ஸ்கேனா?
4. ஈறை விலக்க நூல் வைப்பீங்களா?
5. கேப் வர்ற வரைக்கும் தற்காலிக கேப் உண்டா?
6. ஒட்டுறதுக்கு முன்னாடி வச்சுப் பார்த்துட்டு ஒட்டுவீங்களா?
கேள்வி கேட்டா கோபப்படுற இடத்துல வாயைத் திறக்காதீங்க.

29/
ஏற்கெனவே சந்தையில கட்டியாச்சா? பயப்படாதீங்க, வெட்கமும் வேண்டாம். வலி இல்லைன்னாலும் ஒரு பதிவு பெற்ற பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஈறுல ரத்தம், நாத்தம், சீழ், வீக்கம் இருந்தா இன்னைக்கே. வாய் திறக்க முடியலை, முழுங்க முடியலை, மூச்சு கஷ்டம்னா நேரா 108. நீங்களே கம்பி, பிளேடு வச்சு நெம்பிடாதீங்க. அதையும் பார்த்திருக்கேன்.

30/
அந்தப் பொண்ணு போன வாரம் மறுபடி வந்தாங்க. வீக்கம் வத்தியாச்சு. ரெண்டு பல் இல்லாத இடத்துக்கு பிரிட்ஜ் போட பெங்களூரு போகப் போறாங்களாம். கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு கேட்டாங்க: "சார், இந்தத் தடவை அளவு எடுப்பாங்கல்ல?"
"எடுக்கலைன்னா எழுந்து வந்துடும்மா"ன்னு சொன்னேன்.
உங்க வீட்டுல பல் கட்டப் போறவங்களுக்கு இதை அனுப்புங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன். பல் விஷயத்துல எனக்குத் தெரியாததை எங்க பல் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.